செலின் மதினியின் ஒன்பது நாள்

போர்ட் பிளேரில் எங்கள் செலின் மதினியைப்போல் ஜெபம் சொன்ன பொம்பளை கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அவளைப்போல் ஜெபம் சொல்லத் தெரியாத பொம்பளையும் கிடையாது என்பேன் நான். அவள் என் அண்ணன் பெண்டாட்டி. ஒரே கூரைக்குக் கீழே பத்தொன்பது வருஷமாக அவளோடு காலம் தள்ளுகிறவள் என்ற முறையில் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி. அண்ணன் அந்தோணிமுத்து வள்ளம் கட்டுகிற தச்சு வேலை கற்றவன். அந்தமானில் மரம் மலிவு, வேலை தெரிந்த ஆளுக்குக் கிராக்கி என்று யாரோ சொன்னதை நம்பி ஐம்பத்தெட்டில் கப்பல் ஏறினான். மறு வருஷம் மதினியையும் என்னையும் அழைத்துக்கொண்டான். மரைன் ஹில் சரிவில், துறைமுகம் கீழே தெரிகிற மாதிரி, தகரக் கூரை போட்ட ஒரு மர வீடு. உள்ளறையில் அவர்களும் இரண்டு பெண் பிள்ளைகளும். முன்னறையில் நானும் என் தையல் மெஷினும்.

மதினி ஒரு வேலை செய்யும்போது நாலு வேலையை நினைக்கிறவள். அம்மியில் அரைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி செல்வி, கொல்லைக் கதவு திறந்து கிடக்கு, கோழி உள்ள வருது பாரு" என்பாள். பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே அடுப்பில் சோறு குழையப்போகிறது என்று மூக்கால் கண்டுபிடிப்பாள். அவளுக்கு அப்படி ஒரு மனசு இருந்ததால்தான் எங்கள் குடும்பம் ஓடியது. அதை அவளும் அறியவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் தவக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து ஒரு தமிழ்ச் சாமியார் வந்தார். எங்கள் கோயில் சாமியார் கோவாக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. வருஷம் முழுக்க இந்தியிலும் லத்தீனிலும் பூசை கண்டு காய்ந்து கிடந்த தமிழ் ஜனம் மூன்று நாள் தியானத்துக்கு முண்டியடித்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் அவர் பராக்கைப் பற்றிப் பேசினார். வாய் ஜெபம் சொல்ல, மனசு ஊர் மேய்கிறதே, அந்தப் பராக்கு. பராக்கோடு சொல்லுகிற ஜெபம் முகவரி எழுதாமல் தபாலில் போட்ட கடுதாசி மாதிரி என்றார்.

மாதம் ஒரு கப்பலுக்கும் அதில் வருகிற கடுதாசிக்கும் உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களிடம் இப்படியா சொல்வது? மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பாதிப் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். என் பாவத்தை நான் மறைப்பதில்லை.

ஜூன் மாதம் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. இங்கே அறுக்க முடியாது, மெட்ராஸுக்குப் போ என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெட்ராஸில் எங்கள் சித்தப்பா மகன் இருந்தான், அவன் பார்த்துக்கொள்வான் என்று ஜூலை முதல் வாரக் கப்பலில் அண்ணனைத் தனியாக ஏற்றிவிட்டோம். சாத்தம் ஜெட்டியில் நின்று கை காட்டிவிட்டுப் பாலத்தின் வழியாகத் திரும்பி நடந்தபோது மதினி சொன்னாள்:

"செல்வி, நான் ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன். நம்ம ஊரு தஸ்நேவிஸ் மாதாவுக்கு ஒம்பது நாள், ஜெபமாலை உருட்டி அம்பத்து மூணு மணி ஜெபம்."

"நல்லதுதான மதினி."

"ஒரு பராக்கும் இல்லாம. நடுவுல ஒரு பராக்கு வந்தாலும் அன்னிக்கோட அழிச்சிட்டு, மறுபடி மொத நாளுலேருந்து."

நான் நடுப் பாலத்தில் நின்றுவிட்டேன். "ஒங்களுக்கா? பராக்கு இல்லாமலா?"

"அவுக உசுரு, ஏட்டி" என்றாள்.

மறுநாள் மதியம், பிள்ளைகள் உறங்கிய பிறகு, மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டாள். கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணி முடிவதற்குள் தகரக் கூரையில் சடசடவென்று மழை. கூரைமேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்தது நான். மதினி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனாலும் ஜெபம் முடிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஒடம்பு இங்கதான் இருந்துச்சு, மனசு ஏணியில ஏறிப் போயிருச்சே" என்று கோட்டை அழித்துவிட்டாள்.

இரண்டாவது தடவை, மீன் குழம்புக்குப் புளி பத்துமா என்ற நினைப்பு. மூன்றாவது தடவை, கீழே கப்பல் சங்கு. நாலாவது, என் தையல் மெஷின் சத்தம். அதற்கப்புறம் அந்த ஒரு மணி நேரம் என் பிழைப்பு நின்றது. அடுத்தது பக்கத்து வீட்டு விசாலாட்சி மாமியின் தாளிப்பு வாசனை. அவர் கும்பகோணத்துக்காரர், வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி சர்க்கார் ஆபீஸில் கிளார்க்கு. மதினி வெட்கப்படாமல் போய், ரெண்டிலிருந்து மூணு மணி வரைக்கும் எதையும் தாளிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டாள்.

மாமி கேலி பண்ணவில்லை. "பேஷா நிறுத்திக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் செலின். நேக்கு சுவாமி முன்னாடி உக்காந்தாலே அடுப்புல வச்ச பால்தான் ஞாபகத்துக்கு வரும். அதுக்காக மறுபடி மறுபடி ஸ்நானம் பண்ணிண்டு வந்து உக்கார முடியுமோ?"

"ஒங்க சாமி பொறுத்துக்கிடும் மாமி. எங்க சாமியார் கண்டிசனா சொல்லிட்டாக" என்றாள் மதினி.

ஒரு தடவை ஐந்தாம் நாள் வரை போய்விட்டாள். எனக்கே சந்தோஷம். அன்றைக்கு, மணிக்கு ஒன்றாகச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தில் கடைசியைச் சொல்லும்போது, 'அட, இன்னிக்குப் பராக்கே வரலியே' என்று ஒரு நினைப்பு வந்ததாம். அதுவும் பராக்குத்தானே என்று ஐந்து கோட்டையும் அழித்துவிட்டாள். நான் கையிலிருந்த கத்தரிக்கோலை வீசி எறிந்தேன். நல்லவேளை, சுவரில் பட்டது.

இதற்கிடையே வீடு நாறிக்கொண்டிருந்தது. ஜெப நேரத்தில் மட்டும் மனசை அடக்கினால் அடங்காது, எப்போதும் பழக்க வேண்டும் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கஞ்சி கிண்டினால் கஞ்சியை மட்டும் நினைப்பாள், பிள்ளை அழுவது கேட்காது. பிள்ளையைக் குளிப்பாட்டினால் பிள்ளை மட்டும், கஞ்சி அடிப்பிடித்துத் தீய்ந்து போகும். கோழி உள்ளே வந்து அரிசியைக் கொத்தியது. கொல்லைக் கதவைச் சாத்தச் சொல்ல ஆள் இல்லை. அவளுடைய பழைய மனசு இல்லாமல் அந்த வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அது ஜெபத்தால் வந்த கோளாறு என்று எப்படிச் சொல்வது? மாதாவிடம் கேட்கிறவளைத் தடுத்த பாவம் யாருக்கு?

ஆகஸ்ட் கப்பலில் சித்தப்பா மகனின் கடுதாசி வந்தது. கட்டி பெரிது, டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை, இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை ஆபரேஷன் என்று எழுதியிருந்தான். மதினி விரல் விட்டு எண்ணினாள். பதினேழாம் தேதி தொடங்கினால் இருபத்தைந்தாம் தேதி ஒன்பதாம் நாள். அதற்குப் பிறகு அழித்து எழுத நாள் இல்லை.

பதினைந்தாம் தேதி மாதா மோட்சத் திருநாள். அன்றைக்குக் கோவாச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். தனக்குத் தெரிந்த தீவு இந்தியில், "ஃபாதர், பிரார்த்தனா மே மேரா ஆத்மி கா முஹ் ஆத்தா ஹை" என்றாளாம். ஜெபத்தில் என் புருஷன் முகம் வருகிறது, அது பாவமா என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் இந்தியில என்னென்னமோ மெதுவாச் சொன்னாரு. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. கடைசியில அபராதமா ஒரு அம்பத்து மூணு மணி சொல்லச் சொல்லிட்டாரு."

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். அதுலயும் பராக்கு வந்துச்சு" என்றாள். சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

பதினேழாம் தேதி தொடங்கினோம். தொடங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகளை மாமி வீட்டில் விடுவது, கோழிகளைக் கூடையால் மூடுவது, கருவாட்டை மழைக்கு முன்பே எடுத்து வைப்பது, வாசலில் நின்று வருகிறவர்களைக் கைஜாடையால் திருப்பி அனுப்புவது எல்லாம் என் வேலை. மதினி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து முழந்தாளிட்டாள். மனசை அவள் கட்டிப்போட்ட வேகம் முதுகில் தெரிந்தது. ரவிக்கை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். இந்தத் தடவை ஜெபம் முடிந்த பிறகே கோடு போட்டாள், ஆறு கோடுகள் விழுந்தன. கரிக்கோடுகளைப் பார்த்து நான்கூட மாதாவுக்குத் தோத்திரம் சொன்னேன்.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்து பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இப்பல்லாம் அவுக மூஞ்சிகூட வர்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணன் மூஞ்சியா?"

"மொத ரெண்டு நாளு வரப் பாத்துச்சு. அவுக மூஞ்சி வந்தா அழுக வருது. அழுதா எத்தனாவது மணின்னு தெரியாமப் போவுது. விரட்டிட்டேன்."

"அவன் ஆஸ்பத்திரியில கெடக்கான். அவனையே விரட்டிட்டீங்களா?" என்று கத்தினேன்.

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? வேற ஒண்ணையும் நினைக்கக் கூடாதுன்னு சாமியார் சொன்னாக இல்ல? கருவாடும் வேற, புளியும் வேற, அவுகளும் வேறதான? எனக்குப் புரியல ஏட்டி. நீயே சொல்லு."

எனக்கும் புரியவில்லை. கருவாட்டையும் என் அண்ணனையும் ஒரே கூடையில் போட்டு வெளியே கொட்டுவது தப்பு என்று எனக்குப் பட்டது. ஆனால் இன்னும் இரண்டே நாள். நிறுத்து என்று நான் சொல்லி, அவள் நிறுத்தி, அங்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பழியைச் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை. போய்க் கோழிக்கூடையைத் திறந்துவிட்டேன்.

எட்டாம் நாளும் முடிந்தது. ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் அவனை அறுத்துக்கொண்டிருக்கலாம், அறுத்து முடித்திருக்கலாம். உள்ளே மதினியின் முணுமுணுப்பு ஒரே சீராக வந்தது. முதல் பத்து, இரண்டாம் பத்து, மூன்று, நாலு. ஐந்தாவது பத்து தொடங்கவில்லை. பிறகு, "செல்வி" என்று கூப்பிட்டாள்.

ஜெபத்தின் நடுவில் அவள் வாய் திறந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓடினேன். முழந்தாளில்தான் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அவுக மூஞ்சி எப்படி இருக்கும்?"

"என்ன மதினி?"

"நெசமாத்தான் கேக்கேன். கடைசிப் பத்து மணி அவுகளுக்குன்னு ஒரு தடவை நினைச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம்னு பாத்தேன். வரல. சட்டை வருது. உளி புடிக்கிற கை வருது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. யாருக்காகட்டி நான் இம்புட்டு நாளா வேண்டுனேன்?"

கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தேன். கடல் காற்றில் பூஞ்சணம் பிடித்து மாப்பிள்ளையின் தலை இருந்த இடம் வெள்ளையாகப் பரந்து கிடந்தது. மதினி அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். சரி, நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அகல நெற்றி, அடர்ந்த புருவம், மூக்குப் பக்கத்தில் மச்சம்.

"எந்தப் பக்கம்?"

"வலது" என்றேன். அப்புறம், "இல்ல, இடது" என்றேன். எனக்கும் குழம்பிவிட்டது. கூடப் பிறந்தவன், முப்பத்தைந்து வயசு, ஏழு வருஷமாக ஒரே வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன். அவன் மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பொம்பளைகள் நடு வீட்டில் உட்கார்ந்து அழுதோம்.

பிறகு மதினி முழந்தாளை விட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஜெபமாலையை மடியில் போட்டுக்கொண்டு ஐந்தாவது பத்தைத் தொடங்கினாள். ஒரு பிரியதத்தம் சொல்லி நிறுத்தினாள்.

"மோருல உப்புக் கூடப் போடச் சொல்லுவாக."

இன்னொரு பிரியதத்தம்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பாக."

இன்னொன்று. "சின்னவ பெறந்தப்ப, பொம்பளப் புள்ளையான்னு யாரோ சலிச்சுக்கிட்டாக. அப்படிச் சொன்னவுகளை இவுக வாசலோட அனுப்பிட்டாக."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரைமேல் நான் எடுக்க மறந்த கருவாடு நனைந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஆறாவது மணியில் மதினி சட்டென்று நிறுத்திக் கையை உயர்த்தினாள்.

"வந்துட்டாக" என்றாள். "புருவமெல்லாம் மரத்தூளு. சிரிக்காக."

மீதி நாலு மணியையும் அழுதுகொண்டே சொன்னாள். எண்ணிக்கை தப்பியதா, சரியாக வந்ததா என்று நான் கவனிக்கவில்லை. முடித்துவிட்டுக் கரித்துண்டை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனாள். எட்டுக் கோடுகளுக்கு எதிரே நின்றாள்.

"இது ஒம்பதாம் நாளா செல்வி, இல்ல மொத நாளா?"

"எனக்குத் தெரியாது மதினி."

கோடும் போடவில்லை, அழிக்கவும் இல்லை. கரியை அடுப்புக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை தந்தி வந்தது. அது இங்கிலீஷில் இருந்ததால் கிருஷ்ணமூர்த்தி சாரிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் மதினி தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்தது, ஆபத்து இல்லை என்று வாசித்தார். மாமி உள்ளேயிருந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

மதினி வாயில் சர்க்கரையோடு கேட்டாள்: "எத்தன மணிக்கு நடந்துச்சுன்னு போட்டிருக்கா சார்?"

"அதெல்லாம் தந்தியில போடமாட்டா. எதுக்கு?"

"காலையிலேயே முடிஞ்சிருந்தா எட்டு நாளு ஜெபத்துக்குக் கெடச்சது. ரெண்டரைக்கு மேல நடந்திருந்தா, நான் தரையில உக்காந்து சொன்னதுக்குக் கெடச்சது."

"ரெண்டும் இல்லாட்டா?" என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

"அதுதான் எனக்கும் புரியல" என்றாள். பிற்பாடு சித்தப்பா மகனுக்கும் எழுதிக் கேட்டாள். அவனுக்கு நேரம் ஞாபகம் இல்லை.

செப்டம்பர் கடைசியில் அண்ணன் வந்தான். சாத்தம் ஜெட்டியில் இறங்கி வந்தவன் பாதி ஆளாக இருந்தான், சட்டை கொடியில் கிடப்பது போலக் கிடந்தது. பிள்ளைகள் அவனுடைய காலைக் கட்டிக்கொண்டார்கள். மதினி கிட்டே போகாமல் நாலு அடி தள்ளி நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னளா, ஆளு தெரியலையா?" என்று அவன் கேட்டான். அந்த ஒன்பது நாள் கதையை இன்றுவரை நாங்கள் அவனிடம் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை. ஆண்கள் பக்கத்தில் நடைபாதை ஓரமாக அண்ணன் உட்கார்ந்திருந்தான், முழந்தாளிட அவனுக்குத் தெம்பு இல்லை. பெண்கள் பக்கம் ஓரத்தில் மதினி, பக்கத்தில் நான். சாமியார் அப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. கோயிலில் இருந்த தலையெல்லாம் குனிந்தது. நான் பாதி குனிந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். மதினி மட்டும் தலையை நிமிர்த்தி, பீடத்தை விட்டுவிட்டு, நடைபாதைக்கு அந்தப் பக்கம் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பாடுபட்டவள், போயும் போயும் எழுந்தேற்றத்திலா! அவள் இடுப்பில் கிள்ளினேன்.

"மதினி, தலையக் குனிங்க."

அவள் பார்வையை எடுக்கவில்லை.

"குனிஞ்சா இவுக மூஞ்சி மறுபடி போயிருமோன்னு பயமாருக்கு ஏட்டி" என்றாள் மெதுவாக. "எனக்கும் சேத்து நீ குனிஞ்சுக்கோ."

நான் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது.